குதிரைக்கு வெட்டிய புல்

பாத்மாவுக்குக் குளிர்காலத்தின் மேல் பயம் கிடையாது, கோபம்தான். பனி இறுகிவிட்டால் அந்த மலையூருக்கு வண்டி வருவது அரிது. வசந்தம்வரை வீட்டில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். இல்லாதவன் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். பாத்மா இதுவரை யார் வாசலிலும் நின்றதில்லை. அவள் வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு. கொடுப்பாள். கொடுத்ததை அடுத்த கோடைவரை சொல்லிக்காட்டவும் செய்வாள்.

அந்த வருஷம் எல்லாம் கோணலாகவே நடந்தது. அரசாங்கம் கூட்டுப்பண்ணையைக் கலைத்து ஆளுக்குக் கொஞ்சம் நிலமும் ஆடுமாடும் பிரித்துக் கொடுத்ததற்கு மறு வருஷம் அது. கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றோரத்தில் முழங்கால் உயரம் வரவேண்டிய புல் கணுக்காலோடு நின்று பழுத்தது. பாத்மாவின் கணவன் காசிமாலி அறுத்துக் கொண்டுவந்தது வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை. போதாததற்கு, குளிர்காலக் கறிக்கென்று ஊட்டி வளர்த்த காளை ஈரமான குதிரைமசால் தீவன வயலுக்குள் புகுந்து மேய்ந்து, வயிறு ஊதிக் கீழே விழுந்தது. காசிமாலி கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினான். கத்தி கழுத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிட்டது. தானாகச் செத்ததை மார்க்கப்படி தின்ன முடியாது. தோலை உரித்துக்கொண்டு மற்றதை நாய்களுக்கு விட்டார்கள். பாத்மா அழவில்லை. "ஓடுனீங்களே, அதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்று மட்டும் கணவனிடம் சொன்னாள்.

அவளுக்கு அந்தக் காளை வெறும் கறி அல்ல. மகள் ஜிபாரை அந்தக் கோடையில்தான் கீழ்ப் பள்ளத்தாக்கில் வசதியான வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். பனிச்சறுக்கு வண்டி ஓடும் அளவுக்குப் பனி விழுந்ததும் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விருந்துத் தட்டில் கறி குவியவில்லை என்றால் மகள் அந்த வீட்டில் காலம் முழுக்கக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும் என்று பாத்மா நினைத்தாள். நினைத்தது தப்பும் அல்ல. சம்பந்தியம்மாள் அப்படிப்பட்டவள்தான். பாத்மாவே அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள்.

காசிமாலியின் தம்பி துரார் அந்த வசந்தத்தில்தான் வீடு திரும்பியிருந்தான். இருபது வருஷத்துக்கு மேல் பண்ணைக் குதிரைகளை மேல் மேய்ச்சலில் மேய்த்தவன். கட்டிய மனைவி மலைவாசம் பிடிக்காமல் நகரத்துக்குப் போய்விட்டாள். பிள்ளை இல்லை. பண்ணை கலைந்தபோது மற்றவர்கள் ஆடு கேட்டார்கள், கூரைத் தகடு கேட்டார்கள். துரார் ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரையைக் கைகாட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதன் மேல் சேணத்தைப் போட்டு, சேணத்தில் ஒரு மூட்டையைக் கட்டி, தான் நடந்தே வந்து சேர்ந்தான். வீடு அவர்களுடைய அப்பா கட்டியது. அவனுக்கும் அதில் பாதி உண்டு. அதனால் பாத்மாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வாசலை ஒட்டிய அறையை ஒழித்துக் கொடுத்தாள். கணவனின் தம்பி பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் "சின்னவரே" என்று கூப்பிட்டாள். வார்த்தையில் மரியாதை இருந்தது. கூப்பிடுகிற குரலில் இல்லை.

துரார் அதிகம் பேசமாட்டான். வேலையில் மூன்று ஆளுக்குச் சமம். புல் போதாது என்று தெரிந்ததும் அவனாகவே வந்து, குதிரைக்கு என்ன செய்வது என்று கேட்டான். பாத்மா அப்போது முற்றத்தில் மாவுச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு எசென் வேலியில் சாய்ந்துகொண்டு புகைத்துக்கொண்டிருந்தான்.

"கரிய பள்ளத்துல யாரும் அறுக்காத புல்லு நிக்குது சின்னவரே. சரிவு பாத்து எல்லாரும் பயப்படறாங்க. நீங்க தைரியமா அறுத்துக் கொண்டாந்தீங்கன்னா அது பூரா உங்க குதிரைக்குத்தான். அதுல ஒரு பிடி எங்க மாடு தின்னாது. எசென் தம்பி, நீயும் கேட்டுக்க."

எசென் சிரித்தான். அந்தச் சரிவில் ஆடுகூட ஏறாது என்று அவனுக்குத் தெரியும்.

துரார் ஏறினான். மேலே ஒரு பாறையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நீளப் பிடி அரிவாளைப் பாதியாக வெட்டிக் குட்டையாக்கி, தொங்கிக்கொண்டே அறுத்தான். அறுத்ததைக் கட்டுக் கட்டாகக் கீழே உருட்டினான். கீழிருந்து குதிரையின் மேல் ஒரு பாரம், தன் முதுகில் ஒரு பாரம். இப்படியே இலையுதிர்காலம் வரை சுமந்தான். இரண்டு விரல் நகங்கள் பெயர்ந்து விழுந்தன. தொழுவத்தின் தட்டைக் கூரை மேல் அவன் அடுக்கிய போர் ஆள் உயரம் வளர்ந்து, பிறகு இரண்டு ஆள் உயரம் ஆனது. பச்சை மாறாத மலைப்புல். ஊர்க்காரர்கள் அந்த வழியாகப் போகும்போது நின்று மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

புல் சுமக்காத நாட்களில் பாத்மா அவனைச் சும்மா விடவில்லை. வெயிலில் காய்ந்த ஆட்டுச்சாண வறட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்க வைத்தாள். களிமண்ணில் நறுக்கிய வைக்கோலைப் போட்டு மிதித்து, வடக்குச் சுவரின் வெடிப்புகளைப் பூச வைத்தாள். அவன் கையால் வழித்து வழித்து நிதானமாகப் பூசுவதைப் பார்த்து, "பூசச் சொன்னா தடவிக் குடுக்கறீங்களே சின்னவரே, அது சுவரு, உங்க குதிரை இல்ல" என்றாள். உருளைக்கிழங்கைக் குழியில் இறக்கி அதன் மேல் மூடு வைக்கோல் போட்டார்கள். ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பஞ்சு அடைத்து, சட்டத்தின் ஓரமெல்லாம் மாவுப் பசையால் பழைய செய்தித்தாள் கீற்றுகளை ஒட்டினார்கள். கதவு இடுக்குகளில் வைக்கோலைத் திரித்துச் செருகி, அதன் மேல் கம்பளியை ஆணி அடித்தார்கள். கரி வாங்க வழியில்லாததால் காசிமாலி ஆற்றோரம் போய்க் குத்துச்செடிகளை வெட்டி வந்தான். அவன் வேலை என்றால் அவ்வளவுதான். நல்லவன், ஆனால் மனைவி எழுந்தால் எழுவான், உட்கார்ந்தால் உட்காருவான்.

நவம்பரில் தரை கெட்டிப்பட்டது. ஒரு காலையில் பாத்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது துராரின் குதிரை அவள் பக்கத்தில் வந்து வேலியில் உடம்பைத் தேய்த்தது. கோடை முழுக்க மேட்டுப்புல் தின்ற உடம்பு. விலா எலும்பு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பாத்மா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு விலாவின் மேல் கையை வைத்து அழுத்தினாள். நான்கு விரல் கனத்துக்குக் கொழுப்பு. அந்தக் கையை எடுப்பதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள்.

காளையில் கிடைக்காத ஒன்று குதிரையில் கிடைக்கும். விலாக் கொழுப்பைக் கறியோடு சேர்த்துக் குடலில் அடைத்துக் கட்டுகிற கஸி. அது தட்டில் வந்தால் எந்தச் சம்பந்தியும் வாயை மூடிக்கொள்வான். அதோடு இன்னொன்றும் அவள் மனதில் ஓடியது. குதிரை இல்லையென்றால் கூரை மேல் இருக்கும் அவ்வளவு புல்லும் தங்கள் மாடுகளுக்குத்தான்.

காசிமாலியிடம் சொன்னபோது அவன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"அவன் உசுரே அந்தக் குதிரைதான்டி."

"அவர் உசுரு நம்ம வீட்டு ரொட்டில ஓடுது. வசந்தத்துலேர்ந்து யாரு போடறா? அண்ணன் தம்பின்னா ஒருத்தருக்கு இடிஞ்சா இன்னொருத்தர் தோள் குடுக்கணும். அவர் குடுக்கட்டும்."

"சினையா இருக்குன்னு சொல்றான்."

"சினையா இருந்தா இவ்வளவு கொழுப்பு ஏறுமா? மலடு. புள்ள பெத்தவ நான், வயித்தைப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

காசிமாலி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைப் பாத்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள்.

அடுப்பின் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கீழே சந்தையூரில் இருக்கும் தன் அண்ணனிடம் ஒரு குழாய் சொல்லி வைத்திருப்பதாகவும், பனிக்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும் என்றும் பாத்மா துராரிடம் சொன்னாள். போகிற வழியில் லாரி கிடைக்கும், குதிரையைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, ஒரு பிடி புல்லை அதன் முன் போட்டுவிட்டு, கிளம்பிப் போனான்.

அவன் திருப்பத்தில் மறைந்ததும் பாத்மா எசெனையும் அவன் மனைவி அனார்குல்லையும் கூப்பிட்டாள். எசென் தயங்கினான். துராருக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரிந்துதான் ஊரில் இல்லாமல் போயிருக்கிறார், கண்ணால் பார்க்க மனசு வரவில்லையாம் என்று பாத்மா சொன்னாள். முகத்தில் சிறு அசைவுகூட இல்லாமல் சொன்னாள். எசென் நம்பினான், அல்லது நம்புவது சுலபமாக இருந்தது. எசெனும் காசிமாலியுமாகக் கால்களைக் கட்டிக் குதிரையைச் சாய்த்தார்கள். அது முரண்டு பிடிக்கவில்லை. காலைக் கட்டி லாடம் அடிப்பவர்களைப் பார்த்துப் பழகிய குதிரை. காசிமாலி கத்தியைக் கையில் எடுத்தான். பாத்மா பின்னால் நின்று, "காளைக்கு மாதிரி பண்ணிடாதீங்க" என்றாள்.

வயிற்றைப் பிளந்தபோது அனார்குல்தான் முதலில் பார்த்தாள். கருப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு நாய்க்குட்டியைவிடப் பெரிதாக, கால்களை மடித்துக்கொண்டு, ஈரமாக, குளம்புகூட உருவாகியிருந்த ஒன்று உள்ளே கிடந்தது. எசென் திரும்பிக்கொண்டான். காசிமாலி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். சினைப்பட்டதை அறுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"சாக்குல போடு" என்றாள் பாத்மா. அனார்குல் அசையவில்லை. பாத்மா சாக்கை விரித்துப் பிடித்து, "போடுன்னா போடு. இனிமே திருப்பி உள்ள வைக்க முடியுமா?" என்றாள். அனார்குல் போட்டுக் கட்டினாள். பாத்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றுப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வந்து, கையைக் கழுவி, குடலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். அன்று முழுக்க இரண்டு பெண்களும் கொழுப்பை நறுக்கி, உப்பும் பூண்டும் தடவி, குடலில் அடைத்துக் கட்டினார்கள்.  

மறுநாள் மதியம் துரார் வந்தான். தோளில் புதுப் புகைக்குழாய் பளபளத்தது. வேலியின் மேல் பழுப்புத் தோல் கவிழ்த்துப் போட்டிருந்தது. தொழுவச் சுவரை ஒட்டித் தலை இருந்தது. அவன் படலைத் திறந்து நின்றவாறே இரண்டையும் பார்த்தான். சமையற்கட்டிலிருந்து பாத்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவான், அடிப்பான் என்று காத்திருந்தாள். அதற்குச் சொல்ல வேண்டியதையும் தயார் செய்து வைத்திருந்தாள். காசிமாலி உள்ளறையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

துரார் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினான். கூரை மேல் ஏறி, பழைய குழாயைக் கழற்றி, புதிதைப் பொருத்தி, சுற்றிலும் களிமண் வைத்து அடைத்தான். இறங்கி வந்து கை கழுவினான். உள்ளே வந்து விரிப்பில் உட்கார்ந்தான். பாத்மா ஈரலும் கொழுப்பும் வறுத்த தட்டை, என்ன செய்வதென்று தெரியாமல், அவன் முன் வைத்தாள். அவன் ரொட்டியைக் கிள்ளித் தொட்டுத் தின்றான். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் பேசினான்.

"வயித்துல இருந்ததை என்ன பண்ணீங்க அண்ணி?"

"வயித்துல என்ன இருந்துச்சு? குடல் இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான். எழுந்து தன் அறைக்குப் போனான். அன்றோடு அந்த வீட்டில் அவன் ஒரு துரும்பைத் தூக்கிப் போடவில்லை. விறகு பிளக்கவில்லை, தண்ணீர் கொண்டுவரவில்லை, பனியைத் தள்ளவில்லை. அடுப்புக்கு அருகில் வெதுவெதுப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டான். வேளை தவறாமல் கறி தின்றான். "இது எந்தப் பக்கத்துக் கறி?" என்று ஒவ்வொரு தடவையும் அமைதியாகக் கேட்டான். பதில் வரும்வரை கை வைக்கமாட்டான். தொடை, முதுகு, கழுத்து என்று காசிமாலிதான் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் காசிமாலி கறி தின்பதை விட்டுவிட்டான்.

துரார் செய்த ஒரே வேலை கூரை மேல் ஏறிப் புற்போரின் மேல் விழும் பனியைத் தள்ளுவது. முதல் வாரத்திலேயே காசிமாலி ஒரு கட்டுப் புல்லை உருவி மாடுகளுக்குப் போட்டான். துரார் தொழுவத்துக்குள் போய்ப் பசுவின் வாயிலிருந்ததைக்கூட உருவி எடுத்து, கட்டி, மேலே கொண்டுபோய் வைத்தான்.

"இது குதிரைக்கு வெட்டுனதுண்ணே" என்றான்.

"குதிரைதான் இல்லையே தம்பி."

"ஆமா. இல்ல."

டிசம்பர் நடுவில் சம்பந்தி வீட்டார் இரண்டு பனிச்சறுக்கு வண்டிகளில் வந்தார்கள். ஜிபாரும் வந்தாள். வெள்ளையடித்த சுவரும், ஒரு காற்றுகூட நுழையாத ஜன்னலும், காய்ந்த வறட்டிகள் நின்று எரிகிற அடுப்புமாக வீடு இருந்த இருப்பைப் பார்த்துச் சம்பந்தியம்மாளே மூக்கின் மேல் விரலை வைத்தாள். உதவிக்கு அனார்குல்லும் எசெனும் வந்திருந்தார்கள். பெரிய தட்டில் கறி வந்தது. மேலே வட்ட வட்டமாக அரிந்த கஸி அடுக்கியிருந்தது. பெரிய சம்பந்தி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொழுப்பு மஞ்சளாகப் பளபளத்தது.

"இப்படி ஒரு கஸி பாத்து வருஷமாச்சு. யாரு வளத்த குதிரை இது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டுதுதான் சம்பந்தி" என்றாள் பாத்மா.

துரார் வாசல் பக்கம், கடைசி இடத்தில் உட்கார்ந்து எலும்பிலிருந்து கறியைச் சீவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல் பேசினான்.

"என்னுதுங்க. நான் ஊர்ல இல்லாதப்ப அடிச்சாங்க. சினையா இருந்துச்சு. நல்லா சாப்பிடுங்க, நானும் சாப்பிடறேன்."

பெரியவர் காசிமாலியைப் பார்த்தார். காசிமாலி தரையைப் பார்த்தான். எசெனைப் பார்த்தார். அனார்குல் எழுந்து வெளியே போய்விட்டாள். பெரியவர் கையிலிருந்த துண்டைத் தட்டில் திரும்ப வைத்து, கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். யாரும் சண்டை போடவில்லை. மாடுகளைப் பார்க்க ஆள் இல்லை என்று ஏதோ சொல்லிவிட்டு, பொழுது இருக்கும்போதே கிளம்பினார்கள். விருந்தாளிகள் வழக்கமாகக் கையோடு எடுத்துப் போகும் கறியை, பாத்மா துணியில் கட்டி வண்டிவரை கொண்டுபோய் நீட்டியும், சம்பந்தியம்மாள் கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஜிபார் தாயின் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். பிறகு அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, "சினைக்குதிரை தின்ன வீட்டுப் பொண்ணு" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள் என்ற செய்தி ஊர்க்காரர்கள் மூலமாக மேலே வந்து சேர்ந்தது.

ஜனவரி முடியும்போது காசிமாலி அறுத்த புல் தீர்ந்தது. ஆடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து வைக்கோல் வாங்கினார்கள். பிறகு வைக்கோல் வைத்திருந்தவர்களும் கைவிரித்தார்கள். காசிமாலி ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டான். அவர்கள் மூன்று பேர், வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்கள். புல்லை யார் அறுத்தது என்று கேட்டார்கள். தம்பி என்றான். யாருக்கு என்று பேசி அறுத்தது என்று கேட்டார்கள். எசெனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் வேலியில் நின்று காதால் கேட்டதைக் கேட்டபடி சொன்னான். கடைசியில் மூத்தவர், "சரி காசிமாலி. புல்லு விஷயம் பேசிட்டோம். குதிரை விஷயத்தையும் இப்பவே பேசி முடிச்சிடுவமா?" என்று கேட்டார். காசிமாலி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

புல் வாங்க ஆட்கள் வந்தார்கள். துராரிடம் புல்லை விலைக்குக் கேட்டார்கள். விற்பதற்கு இல்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

முதலில் கிடாரி செத்தது. காசிமாலி குத்துச்செடிக் கிளைகளை வெட்டி வந்து போட்டான். பசுக்கள் அதன் பட்டையை உரித்துத் தின்றன. பாத்மா தன் மெத்தைகளைப் பிரித்து உள்ளிருந்த வைக்கோலைக் கொட்டினாள். கதவிடுக்குகளில் தானே திரித்துச் செருக வைத்ததை விரலால் பிடுங்கினாள். உருளைக்கிழங்குக் குழியின் மேல் போட்ட மூடு வைக்கோலையும் வாரி எடுத்தாள். ஒரே வாரத்தில் கிழங்கு முழுவதும் உறைந்து கல்லாகி, பிறகு இளகிக் கூழானது. கதவு வழியாகக் காற்று வந்து உள்ளறைச் சுவரில் பனி பூத்தது. அவ்வளவு பாடுபட்டு மூடி வைத்த வீட்டை அவளே கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே தொழுவக் கூரை. அதன் மேல் இன்னும் பச்சை வாசம் போகாத போர். மாடுகளுக்கும் அந்த வாசம் வந்தது. மூக்கை மேலே தூக்கிக் கத்திக்கொண்டே இருந்தன.

பிப்ரவரியில் இரண்டு பசுக்களில் ஒன்று விழுந்தது. இந்தத் தடவை கத்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் அறுக்க ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்த செவலைப் பசு கன்று போடும் நிலையில் இருந்தது. ஒரு காலையில் அதுவும் எழுந்திருக்கவில்லை. காசிமாலி வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பெண்பிள்ளை மாதிரி விசும்பி அழுதான்.

பாத்மா கவைக்கோலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேலே துரார் போரின் மேலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் கவைக்கோலைப் புல்லில் குத்தினாள். அவன் வந்து கோலின் நடுவைப் பிடித்துக்கொண்டான். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

"அடிக்கணும்னா அடிங்க சின்னவரே. கீழ தள்ளுங்க. நான்தான் சொன்னேன், நான்தான் செஞ்சேன். உங்கண்ணனுக்கு அதுக்குக்கூட துப்பு கிடையாது. அந்தப் பசு என்ன பண்ணுச்சு?"

"என் குதிரை என்ன பண்ணுச்சு?"

 குளிரில் இருவர் மூச்சும் புகையாகப் போனது. கீழே பசு முனகுவது கேட்டது. துரார் அவளைப் பார்க்காமல், ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடாவா, பொட்டையா?"

பாத்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் மனது வேகமாக வேலை செய்தது. அவள் பார்க்கவில்லை. சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தெரியாது என்றால் இவன் இந்தக் கோலை விடமாட்டான். ஆண் என்று சொல்லலாம். ஆனால் குதிரைக்காரனுக்குத் தாய் போனால் தாயிடத்தில் நிற்கப் போவது பெண்குட்டி. இவன் எதைக் கேட்க ஆசைப்படுவான் என்று அவள் ஒரு கணம்தான் யோசித்தாள்.

"பொட்டை" என்றாள். "அம்மா மாதிரியே இருந்துச்சு. அதே நிறம். நெத்தியில ஒரு வெள்ளைகூட இருந்துச்சு."

துராரின் பிடி தளர்ந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டான். குதிரையின் தலையைத் தொழுவச் சுவரோரம் பார்த்தபோது அழாதவன், சம்பந்தி முன்னால் கறி சீவியபோது குரல் நடுங்காதவன், தோள் குலுங்க அழுதான். பாத்மா அதைப் பார்த்துக்கொண்டே நிற்கவில்லை. கோல் நிறையப் புல்லை அள்ளிக் கீழே தள்ளினாள். இன்னொரு கோல், இன்னொன்று. மூச்சு வாங்க வாங்கத் தள்ளினாள். அவன் தடுக்கவில்லை. அவள் ஏணியில் இறங்கும்போது, "எல்லாத்தையும் எடுத்துக்கங்க அண்ணி" என்று தொப்பிக்குள்ளிருந்து சொன்னான்.

பசு பிழைத்தது. ஏப்ரலில் கன்றும் போட்டது.

பனி இளகியதும் மேல் மேய்ச்சலுக்குக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போன ஒரு கூட்டத்தோடு துரார் சேர்ந்துகொண்டான். சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். காசிமாலி அவனை ஆறு தாண்டும்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அந்த வாசல் அறையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். 

ஜூன் மாதம் ஒரு காலையில் ஆற்றங்கரையில் தண்ணீர் எடுக்கும்போது அனார்குல் பக்கத்தில் வந்து வாளியை வைத்தாள். விருந்துக்குப் பிறகு அவள் பாத்மாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மேலேர்ந்து எங்க வீட்டுக்காரர் நேத்து வந்தாரு அக்கா. துரார் அங்க எல்லார்கிட்டயும் ஒரு குட்டியைப் பத்தியே பேசறாராம். இந்நேரம் பொறந்து ஓடிக்கிட்டிருக்கும், நெத்தியில வெள்ளை, பொட்டைன்னு சொல்றாராம். சேணம் எப்படிப் பழக்குவேன்னுகூட சொல்றாராம். மத்தவங்களும் பாவம்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்களாம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, அதைக் கையில எடுத்தவ நான். அது கடா."

பாத்மா வாளியை ஆற்றில் முக்கி நிரப்பினாள். தூக்கிக்கொண்டு கரை ஏறினாள்.